ஒரு செடிக்கு ஒரே பூ: புரட்டாசிப் பட்டத்தில் காலிபிளவர்

கத்தரி, வெண்டை, மிளகாய் போன்ற காய்கறிகளில் ஒரு பறிப்பு தவறினாலும் அடுத்த பறிப்பில் ஓரளவு ஈடுகட்டிவிடலாம். பூக்கோசு என்னும் காலிபிளவரில் அதற்கு வழியில்லை. ஒரு செடியில் ஒரு பூதான் வரும். அது சிறுத்துப் போனாலும், மஞ்சளாகி உதிரியாகப் போனாலும், செடிக்குச் செய்த செலவு அத்தனையும் வீண்தான். ஆகவே காலிபிளவர் பயிரிட விரும்பும் சிறு விவசாயிகள், நாற்று விடுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, எந்தப் பட்டத்துக்கு எந்த ரகம் என்பது. மற்றொன்று, நாற்றுப் பருவம் முதல் பூ பிடிக்கும்வரை செடியின் வளர்ச்சி எந்த இடத்திலும் தடைபடாமல் பார்த்துக்கொள்வது.

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் ஆவணிக் கடைசியில் நாற்று விட்டு, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நட்டு, கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை அறுவடை செய்வது ஏற்ற முறையாகும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் 10 சென்ட் நிலத்தில் முதலில் பயிரிட்டுப் பார்க்கலாம். கீழே உரம், விதை ஆகியவற்றின் அளவுகள் 10 சென்ட் கணக்கிலேயே கொடுக்கப்பட்டுள்ளன. ஏக்கர் கணக்குக்கு அவற்றைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

குளிரும் பூவும்

நாம் பூ என்று சொல்வது உண்மையில் மலர்ந்த பூ அல்ல. பூங்கொத்தாக வளர வேண்டிய தண்டு நுனிகள் வளர்ச்சி பெறாமல் நெருக்கமாகத் திரண்டு நிற்பதே அந்த வெள்ளைத் திரள். செடி இலை விடுவதை நிறுத்திவிட்டு இந்தத் திரளை உண்டாக்கத் தொடங்குவதற்கு ஓரளவு குளிர்ச்சி தேவை. எவ்வளவு குளிர்ச்சி என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடும். காலிபிளவர் சாகுபடியின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கின்றன.

இந்தியாவுக்குக் காலிபிளவர் 1822-ம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்தது. வடக்கே சகாரன்பூரில் இருந்த கம்பெனித் தோட்டத்தில் அது முதலில் பயிரிடப்பட்டது. குளிர்நாட்டுச் செடியாகையால் தொடக்கத்தில் நம் வெப்பத்தைத் தாங்கவில்லை. நன்றாகப் பூத்த செடிகளிலிருந்து விவசாயிகளும் தோட்டக்காரர்களும் ஆண்டுதோறும் விதை எடுத்து வந்ததால், காலப்போக்கில் வெப்பத்திலும் பூ பிடிக்கும் இந்திய ரகங்கள் உருவாயின. பிற்காலத்தில் டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இவற்றிலிருந்து பூசா தீபாளி, பூசா எர்லி சிந்தெடிக் போன்ற முன்பட்ட ரகங்களை வெளியிட்டது. இவை சுமார் 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே பூ பிடிக்கக் கூடியவை.

ஸ்நோபால் எனப்படும் ரகங்கள் வேறு வகை. ஐரோப்பாவிலிருந்து வந்த இவை பனிபோல வெண்மையான, கெட்டியான பூ தருபவை. ஆனால் பூ பிடிக்க 10 முதல் 16 டிகிரி வெப்பநிலை வேண்டும். இவற்றுக்கு விதை எடுப்பதுகூட இமாசலப் பிரதேசத்துக் குலு பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த இடங்களில்தான் முடியும். இவை நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்கு ஏற்றவை. கோவைச் சமவெளியில் மார்கழி மாதத்து இரவில்கூட வெப்பம் சாதாரணமாக 18, 20 டிகிரி அளவில்தான் இருக்கும். அங்கே ஸ்நோபால் நட்டால் செடி இலைவிட்டுச் செழித்து நிற்கும். பூ மட்டும் காலத்தில் வராது.

பொட்டலத்தில் போட்டிருக்கும் மாதம்

விதைப் பொட்டலத்தில் "விதைக்கும் காலம்: செப்டம்பர் – அக்டோபர்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, நமது புரட்டாசிப் பட்டத்துக்குப் பொருத்தமானது என்று வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த மாதம் எந்த ஊருக்குச் சொல்லப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேசம் போன்ற வடமாநிலங்களில் முன்பட்ட ரகங்களை மே, ஜூன் மாதங்களில் விதைக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் அவர்கள் விதைப்பது கடும் குளிர்காலத்தில் பூக்கும் ஸ்நோபால் போன்ற பின்பட்ட ரகங்களை. ஆகவே வடநாட்டுக்காக அச்சிட்ட பொட்டலத்தில் நம் பட்டத்து மாதம் போட்டிருந்தால், அது நம் சமவெளிக்கு ஆகாத ரகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதனால் விதை வாங்கும்போது மாதத்தை மட்டும் பார்த்தால் போதாது. முன்பட்ட ரகமா, பின்பட்ட ரகமா, வெப்பத்தைத் தாங்குமா, நட்டதிலிருந்து எத்தனை நாளில் பூ வெட்டலாம் என்ற விவரங்களைக் கேட்க வேண்டும். நட்ட 55 முதல் 70 நாட்களில் அறுவடைக்கு வருபவை பொதுவாக நம் சமவெளிக்கு ஏற்றவை. 90 நாட்களுக்கு மேல் ஆகும் ரகங்களைச் சமவெளியில் தவிர்ப்பது நல்லது. தனியார் கம்பெனிகளின் வீரிய ஒட்டு ரகங்களில் வெப்பம் தாங்குபவை பல விற்பனைக்கு வருகின்றன. விலை கூடுதல். எனினும் அக்கம்பக்கத்தில் சென்ற ஆண்டு இதே பட்டத்தில் நன்றாக வந்த ரகம் எது என்று விசாரித்து அதையே வாங்குவது பாதுகாப்பானது. முளைப்புத்திறன், காலாவதித் தேதி ஆகியவற்றையும் பார்த்து, ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ரகம் மாறிப்போனால் முறையீடு செய்வதற்கு ரசீதும் காலிப் பொட்டலமுமே ஆதாரம்.

முன்பட்ட ரகத்தை மிகவும் பின்தள்ளி நடுவதும் தவறு. செடி போதிய இலை விடுவதற்குள் குளிர் வந்துவிட்டால், சிறு செடியிலேயே பூ தோன்றி எலுமிச்சம்பழ அளவில் நின்றுவிடும்.

மழையைப் பார்த்து நடவு

நமது பட்டத்தில் மற்றொரு சிக்கல் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் இந்த மழை, நாற்று வளரும் காலத்திலும் நடவுக் காலத்திலும் குறுக்கிடும். காலிபிளவருக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க நீர் தேங்கினாலே வேர் மூச்சுத் திணறி இலைகள் வாடும். அந்தத் தடை பிறகு பூவில் தெரியும்.

கோவை, ஈரோடு, திண்டுக்கல், தேனி, தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற உள்மாவட்டங்களில் வடிகால் நன்றாக இருந்தால் புரட்டாசிக் கடைசியிலேயே நடலாம். ஓசூர், தாளவாடி போன்ற உயரமான பகுதிகளில் இரவுக் குளிர் கூடுதலாக இருப்பதால் பூ இன்னும் நன்றாகத் திரளும். கடலோர மாவட்டங்களில் ஐப்பசி மழையின் வேகம் தணிந்த பிறகு கார்த்திகையில் நடுவதே தக்கது. அங்கே இரவுக் குளிர் குறைவாகையால் வெப்பம் தாங்கும் ரகத்தைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது.

வடிகால் உள்ள செம்மண், வண்டல், மணல் கலந்த குறுமண் நிலங்கள் ஏற்றவை. மண்ணின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. களிமண் நிலத்தில் பாரை உயர்த்திப் போட வேண்டும். முந்தைய இரண்டு, மூன்று ஆண்டுகளில் முட்டைக்கோசு, நூல்கோல், முள்ளங்கி, கடுகு ஆகியவை பயிரிட்ட நிலத்தைத் தவிர்க்க வேண்டும். இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் நோய் மற்றொன்றுக்கு மண்ணிலேயே காத்திருக்கும்.

நாற்றங்கால்

10 சென்ட் நிலத்துக்கு 15 கிராம் விதை போதும். ஒரு மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 15 செ.மீ. உயரத்தில் ஒரு மேட்டுப்பாத்தி போட்டால் தேவையான நாற்று கிடைத்துவிடும். பாத்தியில் நன்கு மக்கிய தொழு உரத்தை இரண்டு கூடை கலந்து, மண்ணைப் பொலபொலப்பாக்கிச் சமன்செய்ய வேண்டும். பச்சைச் சாணத்தையோ பாதி மக்கிய குப்பையையோ போட்டால் கரையானும் பூசணமும் சேரும்.

விதையுடன் டிரைகோடெர்மா விரிடி என்னும் உயிர்ப் பூசணக்கொல்லியைக் கலந்து நேர்த்தி செய்ய வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. 15 கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை போதுமானது. மருந்து நேர்த்தி செய்யப்பட்டதாகப் பொட்டலத்தில் குறித்திருந்தால் மறுபடியும் செய்ய வேண்டியதில்லை. 10 செ.மீ. இடைவெளியில் கோடு கீறி, ஒரு செ.மீ. ஆழத்தில் விதையைப் பரவலாகத் தூவி, சலித்த எருவால் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். மேலே வைக்கோலை லேசாகப் பரப்பலாம். நான்கு, ஐந்து நாட்களில் முளை தெரிந்தவுடன் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நெடுத்துப் போகும்.

மழைக்காலமாகையால் பாத்திக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தலோ, மூங்கில் வளைவின்மீது பாலிதீன் விரிப்போ அவசியம். மழை இல்லாத வேளையில் அதை விலக்கிவிட்டு வெயில் படச் செய்ய வேண்டும். நாற்றுகள் அடித்தண்டில் நீர்கோத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். நெருக்கத்தைக் கலைத்து, நீரைக் குறைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து பாத்தி நனைய ஊற்ற வேண்டும். தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் விதைத்தால் இந்த நோய் குறைவு. பிடுங்கும்போது வேர் அறுபடுவதும் இல்லை.

25 முதல் 30 நாள் வயதில், நான்கைந்து இலைகளுடன் உள்ள நாற்றே நடவுக்குச் சரியானது. நிலம் தயாராகவில்லை, மழை விடவில்லை என்று 40, 45 நாள் நாற்றை நடுபவர்கள் பூவை இழக்கிறார்கள். பாத்தியிலேயே முதிர்ந்துவிட்ட நாற்று, நட்டவுடன் இலை பெருக்காமல் பூவுக்குப் போய்விடும். அப்படி முதிர்ந்த நாற்றைக் கழித்துவிட்டுப் புதிதாக நாற்று விடுவதால் ஆகும் செலவு, 10 சென்ட் நிலத்து உரமும் உழைப்பும் வீணாவதைவிடக் குறைவுதான்.

ஒரே நாளில் எல்லா விதையையும் போட்டுவிடாமல், மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிறு பாத்தியாக மூன்று தடவை நாற்று விடுவது நல்லது. ஆவணிக் கடைசியில் முதல் பாத்தி, புரட்டாசி நடுவில் இரண்டாவது, ஐப்பசித் தொடக்கத்தில் மூன்றாவது என்று வைத்துக்கொண்டால், ஒரு நடவு மழையில் அடிபட்டாலும் அடுத்தது கைகொடுக்கும். பூவும் ஒரே வாரத்தில் குவியாமல் மார்கழி, தை முழுவதும் கிடைக்கும்.

நடவும் உரமும்

கடைசி உழவில் 10 சென்ட்டுக்கு 600 கிலோ முதல் ஒரு டன் வரை மக்கிய தொழு உரம் இட வேண்டும். அடியுரமாக 4 கிலோ 300 கிராம் யூரியா, 25 கிலோ சூப்பர் பாஸ்பேட், 3 கிலோ 300 கிராம் மியூரியேட் ஆப் பொட்டாஷ் ஆகியவற்றை இட்டு மண்ணில் கலக்க வேண்டும். மண் பரிசோதனை செய்திருந்தால் அந்தச் சிபாரிசின்படி இந்த அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

60 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் 45 செ.மீ.க்கு ஒரு நாற்றாக மாலை வேளையில் நட வேண்டும். இந்தக் கணக்கில் 10 சென்ட்டுக்குச் சுமார் 1,500 செடிகள் பிடிக்கும். நடும்போது ஒவ்வொரு நாற்றின் குருத்தையும் பார்க்க வேண்டும். நுனிக்குருத்து இல்லாத நாற்றுகள் தடித்த கரும்பச்சை இலைகளுடன் திடமாகத் தோன்றும். ஆனால் இந்தக் குருட்டுச் செடிகளில் பூ வரவே வராது. அவற்றை நடாமல் கழித்துவிட வேண்டும்.

நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன்பின் மழையைப் பார்த்து வாரம் ஒரு முறை பாய்ச்சினால் போதும். ஒரு வாரத்துக்குள் பாடுவாசி நிரப்பிவிட வேண்டும். இந்தப் பயிரின் வேர்கள் மேலாக ஓடுபவை. ஆகையால் களைக்கொத்தை ஆழமாகப் போடக் கூடாது. நட்ட 25-ம் நாள் களையெடுத்து, 2 கிலோ 150 கிராம் யூரியாவை மேலுரமாக இட்டு மண் அணைக்க வேண்டும். 45-ம் நாள் அதே அளவு யூரியாவை மறுபடியும் இடலாம். 60 நாளைக்குள் அறுவடைக்கு வரும் ரகமானால் இந்த இரண்டாவது மேலுரத்தை 40-ம் நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

செடி பெரிதாக, இலைகள் அகலமாக இருந்தால்தான் பூவும் பெரிதாகும். நட்ட முதல் ஐந்து வாரங்களில் பசி, தாகம், களை, புழு எதுவாலும் செடி நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதே நல்ல பூவுக்கு அடிப்படை.

போரானும் மாலிப்டினமும்

காலிபிளவருக்கு இரண்டு நுண்சத்துகள் மிக முக்கியம். போரான் சத்து குறைந்தால் தண்டின் உட்பகுதி கூடாகி, பூவின்மேல் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றும். சமைத்தால் கசக்கும். இதைத் தடுக்க அடியுரத்துடன் 10 சென்ட்டுக்கு 400 முதல் 500 கிராம் போராக்ஸ் இடலாம். இடத் தவறியவர்கள் 10 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் கரைத்து, நட்ட ஒரு மாதத்தில் இலைகளில் தெளிக்கலாம். அளவு மீறினால் போரானே செடிக்கு விஷமாகும். ஆகையால் கைக்கணக்காகப் போடாமல் எடை போட்டு இட வேண்டும்.

மாலிப்டினம் குறைந்தால் இலைப்பரப்பு குறுகி, நடுநரம்பு மட்டும் சாட்டைபோல நீளும். இதற்குச் சாட்டைவால் என்று பெயர். புளிப்புத்தன்மை மிகுந்த மண்ணில் இது காணப்படும். அத்தகைய மண்ணுக்கு நடவுக்கு முன்பே சுண்ணாம்பு இட்டுச் சீர்செய்ய வேண்டும். செடியில் அறிகுறி தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சோடியம் மாலிப்டேட் கரைத்துத் தெளிக்கலாம்.

புழுவும் நோயும்

இந்தப் பயிரின் முதல் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. இதன் சிறிய பச்சைப் புழுக்கள் இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலைக் கண்ணாடித் தாள் போல விட்டுவைக்கும். தொட்டால் துடித்து நூலில் தொங்கும். இந்தப் பூச்சி பலவகை மருந்துகளுக்கும் பழகிவிட்டது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பதால் பணம் போவதைத் தவிரப் பயன் இராது.

கடுகை ஊடே விதைப்பது நல்ல உபாயம். நடவுக்கு 15 நாள் முன்பு வயலின் இரு ஓரங்களிலும் நடுவிலும் ஒவ்வொரு வரிசை கடுகு விதைக்க வேண்டும். நட்ட 25-ம் நாள் அவற்றை ஒட்டி மற்றொரு வரிசை விதைக்கலாம். தாய்ப்பூச்சிகள் கடுகையே விரும்பி முட்டையிடும். அங்கே சேரும் புழுக்களை உடனுக்குடன் அழித்துவிட வேண்டும். புழு தெரிந்ததும் காலிபிளவரில் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். 10 லிட்டருக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்துச் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். புழு அதிகமானால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம்.

புரொடீனியா புழுக்கள் இலையில் கூட்டமாக இருக்கும். முட்டைக் குவியலும் இளம் புழுக்களும் உள்ள இலையைப் பறித்து அழிப்பதே சுலபமான வழி. வரப்பில் ஆமணக்கு நட்டால் இந்தப் பூச்சி அதில் முட்டையிடும். அந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிடலாம்.

முன்பெல்லாம் எதற்கும் பி.எச்.சி. தூளைத் தூவும் வழக்கம் இருந்தது. அதை 1997-ல் அரசு தடைசெய்துவிட்டது. மானோகுரோட்டோபாஸ் மருந்தையும் காய்கறிகளில் தெளிக்கக் கூடாது. பூ திரண்ட பிறகு எந்த நச்சு மருந்தையும் அதன்மீது தெளிக்கலாகாது. நெருக்கமான அந்தத் திரளுக்குள் இறங்கிய மருந்து எளிதில் கழுவினால் போகாது. அதைச் சாப்பிடுபவர்களில் நம் வீட்டுக் குழந்தைகளும் உண்டு.

இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சளாகி, நரம்புகள் கறுத்தால் அது கருப்பு அழுகல் நோய். பாக்டீரியாவால் வருவதால் வந்தபின் குணப்படுத்துவது கடினம். நோய் கண்ட செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். இலை ஈரமாக இருக்கும்போது வயலுக்குள் நடமாடக் கூடாது. நம்பகமான இடத்து விதையும் பயிர்ச் சுழற்சியுமே இதற்குக் காப்பு.

பூவுக்குக் குடை

பூ கோழிமுட்டை அளவைத் தாண்டியதும் தினமும் காலையில் வயலைச் சுற்றிவர வேண்டும். வெயில் நேராகப் பட்டால் வெள்ளைப் பூ மஞ்சளாகிவிடும். முன்பட்ட ரகங்களில் இலைகள் விரிந்து நிற்பதால் இந்தத் தொல்லை அதிகம். வெளி இலைகள் மூன்று, நான்கை மேலே மடித்து வாழைநாரால் தளர்வாகக் கட்டி நிழல் தரலாம். இலை நனைந்திருக்கும் நேரத்தில் கட்டக் கூடாது. கட்டியது மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் இருக்கவும் கூடாது. உள்ளே புழுக்கம் சேர்ந்து பூ அழுகும். அந்தந்த நாளில் கட்டிய செடிகளுக்கு ஒரே நிறக் கயிறு பயன்படுத்தினால், எதை முதலில் வெட்டுவது என்று எளிதில் தெரியும்.

பூவின் மேற்பரப்பு அரிசி தூவியது போலச் சொரசொரப்பானால், அந்த ரகத்துக்கு வெப்பம் பொருந்தவில்லை அல்லது வெட்டுவதற்கு நாள் கடந்துவிட்டது என்று அறியலாம். திரளுக்கு ஊடே சிறு இலைகள் வருவதும் வெப்பம் கூடியதன் அறிகுறியே. அப்படிப்பட்ட பூக்களை மேலும் வளரவிடாமல் உடனே வெட்டி விற்றுவிட வேண்டும்.

அறுவடையும் விற்பனையும்

பூ நன்றாகத் திரண்டு, கெட்டியாக, ஓரங்கள் பிரியாமல் இருக்கும்போது வெட்ட வேண்டும். இன்னும் இரண்டு நாள் விட்டால் எடை கூடும் என்று காத்திருந்தால், ஓரம் பிரிந்து விலை பாதியாகக் குறையும். அதிகாலையில், நான்கைந்து இலைகள் பூவைச் சுற்றி நிற்கும்படி வெட்டி, இலை நுனிகளைப் பூவுக்குச் சற்று மேலாக நறுக்கிவிட வேண்டும். வெட்டிய பூவை நிழலில் வைத்து, தண்டு கீழாக ஒரே அடுக்காகக் கூடைகளில் அடுக்க வேண்டும். பூவின்மேல் தண்ணீர் தெளித்தால் கறை விழும்.

நன்றாகப் பராமரித்த 10 சென்ட் நிலத்தில் 600 முதல் 800 கிலோ வரை எதிர்பார்க்கலாம். 1,500 செடிகளில் 300 செடிகள் பல காரணங்களால் கழிந்தாலும், மீதி 1,200 செடிகள் ஒவ்வொன்றும் அரைக் கிலோ தந்தாலே 600 கிலோ ஆகிவிடும். எல்லாரும் ஒரே சமயத்தில் வெட்டும் வாரத்தில் மொத்தச் சந்தையில் விலை இறங்குவது இயல்பு. நாற்றைப் பிரித்து விட்டவர்களுக்கு அந்த வாரத்தில் சேதம் குறைவு. சிறிய அளவில் பயிரிடுபவர்கள் ஒட்டன்சத்திரம் போன்ற பெரிய சந்தைக்கு ஐம்பது கிலோவை ஏற்றி அனுப்புவதைவிட, 1999 முதல் நடந்துவரும் உழவர் சந்தைகளில் நேரடியாக விற்பது வண்டிக்கூலியையும் கமிஷனையும் மிச்சப்படுத்தும்.

பூ வெட்டிய பின் நிற்கும் இலைகளை மாடுகளுக்கு மற்றத் தீவனத்தோடு கலந்து அளவாகக் கொடுக்கலாம். தனித் தீவனமாக நிறையப் போட்டால் வயிறு உப்பும். நோயில்லாத அடித்தண்டுகளை எருக்குழியில் சேர்த்து மக்கவிடலாம். பிறகு அந்த நிலத்தில் உளுந்து, பச்சைப்பயறு அல்லது கொத்தவரை விதைத்தால் மண்ணுக்கும் நல்லது, நோய்ச் சங்கிலியும் அறுபடும்.

புதிதாகப் பயிரிடுபவர்கள் முதல் ஆண்டில் 10 சென்ட்டுக்கு மேல் போட வேண்டாம். ரகத்தின் பெயர், விதைத்த நாள், நட்ட நாள், முதல் பூ வெட்டிய நாள், அந்த வாரத்து விலை ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு எந்த ரகத்தை எந்தத் தேதியில் விதைப்பது, எத்தனை சென்ட் போடுவது என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.